கமலாபுரத்தில் இறங்கி வீடு சேரும் வரை: சின்னப் பிள்ளைகளோடு சேலம், ஏற்காடு வருபவர்களுக்கு

விடுமுறைக்குச் சேலம் வரும் குடும்பங்கள் விமான டிக்கெட்டுக்காக ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இறங்கிய பிறகு எப்படிப் போவது என்று கேட்டால், "டாக்ஸி கிடைக்காமலா போயிடும்" என்பதுதான் பதில். தனியாக வருபவருக்கு அது சரி. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று வருபவருக்குச் சரிவராது. பிள்ளைகள் விமானத்தில் எப்படியோ தூங்கிவிடுகின்றன. அவர்களை வாட்டுவது அதற்குப் பிறகு வரும் சாலைதான், ஏற்காடு போகிறவர்கள் என்றால் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகள். அதனால் சாலையை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற டிக்கெட்டை எடுங்கள் என்பேன். கீழே இருப்பது அந்த வரிசைதான். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

படி 1: எந்த விமான நிலையம்?

சேலம் விமான நிலையம் ஓமலூர் வட்டம் கமலாபுரத்தில், பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. ஊருக்குள் வர சுமார் 20 கிலோமீட்டர். 1993இல் திறந்தார்கள். அப்புறம் பல வருஷம் விமானமே வராமல் கிடந்தது. 2018இல், சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேவை வந்தது, 2021இல் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. வந்து போவது சில விமானங்கள்தான், நேரமும் ஊரும் மாறிக்கொண்டே இருக்கும். கமலாபுரத்துக்கு டிக்கெட் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், அரை மணி, முக்கால் மணி நேரத்தில் வீட்டில் இருக்கலாம். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்து சென்னையிலோ பெங்களூரிலோ விமானம் மாறுபவர்கள், இந்தக் கடைசி விமானம் ரத்தானால் என்ன செய்வது என்பதையும் டிக்கெட் எடுக்கும் அன்றே யோசித்து வையுங்கள். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் பொதுவாக உங்கள் பொறுப்புதான்.

அடுத்த இடம் என் கணக்கில் கோயம்புத்தூருக்கு. தூரம் சுமார் 160 கிலோமீட்டர், ஆனால் தூரத்தை வைத்து இதைச் சொல்லவில்லை. அந்த விமான நிலையம் நகரத்தின் கிழக்குப் பக்கம், அவினாசி சாலையை ஒட்டி இருக்கிறது. வெளியே வந்ததும் ஊரைச் சுற்றாமல் சேலம் சாலையைப் பிடித்துவிடலாம். அவினாசி, பெருந்துறை, பவானி, சங்ககிரி என்று நான்குவழிச் சாலை, வழியெங்கும் சாப்பாட்டுக் கடைகள், சுத்தமான கழிப்பறை உள்ள இடங்களும் கிடைக்கும். சாலை நேராக இருப்பதால் பிள்ளை தூங்கினால் தொடர்ந்து தூங்கும். சிங்கப்பூர், ஷார்ஜா பக்கமிருந்து நேரடியாகவும் வரலாம்.

திருச்சியிலிருந்து 140 கிலோமீட்டர் சொச்சம். கோவையைவிடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் முசிறி, தொட்டியம் வழியாகக் காவிரிக் கரையில் வரும் பகுதியில் ஊர்கள், வேகத்தடைகள், பஸ்கள் எல்லாம் குறுக்கே வரும், நாமக்கல் தாண்டிய பிறகுதான் வண்டி ஓட்டம் பிடிக்கும். மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா என்று வெளிநாட்டு விமானங்கள் அங்கே நிறைய என்பது அதன் பலம்.

பெங்களூரு, பிள்ளைகளோடு என்றால், கடைசி வழி. விமான நிலையம் தேவனஹள்ளியில், நகருக்கு வடக்கே இருக்கிறது. சேலம் சாலையோ தெற்கே ஓசூர் பக்கம். முழு நகரத்தையும் குறுக்கே கடந்த பிறகுதான் பயணமே ஆரம்பிக்கும். மாலையில் இறங்கினால் ஹெப்பாளில் தொடங்கி எலக்ட்ரானிக் சிட்டி வருவதற்குள் பிள்ளை அழுது, சாப்பிட்டு, தூங்கி, எழுந்து மறுபடி அழுதிருக்கும். தர்மபுரி தாண்டினால் தொப்பூர் கணவாய் இறக்கம், விபத்துக்குப் பேர்போன இடம். இரவில் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் டிரைவரோடு அந்த இறக்கத்தில் வரவே வேண்டாம். வேறு வழியில்லை என்றால் பெங்களூரில் இரவு தங்கி, விடியற்காலையில் நகரம் விழிப்பதற்கு முன் கிளம்புங்கள்.

சென்னையில் இறங்குபவர்கள் காரை மறந்துவிடலாம். 330 கிலோமீட்டர் என்பது பெரியவர்களுக்கே இடுப்பொடியும் தூரம். விமான நிலையத்திலேயே மெட்ரோ ஏறினால், நீல வழித்தடத்தில் வண்டி மாறாமல் சென்ட்ரல். அங்கிருந்து கோவை வழித்தட ரயில்கள் சேலத்தில் நிற்கும், வந்தே பாரத்தும் நிற்கிறது. இரவு வண்டி வேண்டுமானால் எழும்பூரிலிருந்து ஆத்தூர் வழியாகச் சேலம் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ரயிலில் டிக்கெட் வேண்டாம், ஆனால் இடமும் கிடையாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரு மூன்று வயதுக்காரனை மடியில் கட்டிப்போடும் சாமர்த்தியம் இருந்தால் காசை மிச்சம் பிடிக்கலாம், இல்லாவிட்டால் அவனுக்கும் ஒரு சீட் வாங்கிவிடுங்கள். சேலம் ஜங்ஷனில் வண்டி சில நிமிடம்தான் நிற்கும். சேலம் நெருங்கும்போதே பெட்டிகளைக் கதவருகே நகர்த்திக்கொள்ளுங்கள். முதலில் பெரியவர் ஒருவர் இறங்க வேண்டும், பிறகு பிள்ளைகளை வாங்கிக்கொள்ள வேண்டும், பெட்டிகள் கடைசியில்.

படி 2: வண்டியை முன்கூட்டியே பேசி முடியுங்கள்

கமலாபுரம் சின்ன விமான நிலையம். பெருநகரம் மாதிரி வாசலில் டாக்ஸி வரிசை கட்டி நிற்கும் என்று எண்ணி வராதீர்கள். கால் டாக்ஸியோ தெரிந்த டிரைவரோ, முந்தின நாளே பேசிவிடுங்கள். பேசும்போது வாடகையை மட்டும் கேட்டு வைத்துவிடாமல் இவற்றையும் கேளுங்கள்: டோல் யார் கட்டுவது, டிரைவர் பேட்டா சேர்த்தா தனியா, விமானம் தாமதமானால் வெயிட்டிங் எவ்வளவு, மலைக்கு ஏறினால் கூடுதல் உண்டா, ஒன்வே டிராப்பா அல்லது திரும்பி வரும் தூரத்துக்கும் சேர்த்துத்தான் கணக்கா. வாகனம் மஞ்சள் போர்டாக இருக்கட்டும். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி செல்லாது, விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல்.

டிக்கியைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். செடான் வகை டாக்ஸிகளில் பலவற்றில் கேஸ் சிலிண்டர் டிக்கியில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு பெரிய பெட்டியும் ஒரு ஸ்ட்ரோலரும் வைத்துக்கொண்டு அப்படியொரு வண்டி முன் நின்றால், ஒரு பெட்டி உங்கள் மடிக்குத்தான் வரும். எர்டிகா போன்ற வண்டியில் மூன்றாவது வரிசையை விரித்தால் பின்னால் பெட்டி வைக்க இடம் இராது. பெரியவர்கள் மூன்று பேர், பிள்ளைகள் இரண்டு பேர், பெட்டிகள் நான்கு என்றால் இன்னோவா, இல்லாவிட்டால் மேலே கேரியர் வைத்த வண்டி.

இங்கே இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும், சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்ற நம்பிக்கையில். பேரப்பிள்ளை வருகிறான் என்றால் சேலத்தில் வீடே கிளம்பிவிடும். தாத்தா, அம்மாயி, சித்தப்பா, அவர் பிள்ளைகள் என்று கார் நிறைய வந்து நிற்பார்கள். கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்து முடித்த பிறகுதான், வந்தவர்கள் எங்கே உட்காருவது என்ற கேள்வி எழும். அழைக்க ஒருவர் வந்தால் போதும், மற்றவர்கள் வீட்டில் வெந்நீர் போட்டு வையுங்கள் என்று முதல் நாளே சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

பஸ்ஸில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒரு பிள்ளை, ஒரு தோள்பை என்றால் தாராளமாகப் போகலாம். ஓமலூர் பேருந்து நிலையத்துக்கு ஆட்டோவில் போய்விட்டால் சேலத்துக்குப் பஸ் அடுத்தடுத்து இருக்கும். அரசுப் பேருந்தில் 5 வயது வரை டிக்கெட் இல்லை, அதற்கு மேல் 12 வயது வரை அரை டிக்கெட். பெட்டிகளோடு என்றால் அந்த யோசனையே வேண்டாம்.

படி 3: பெல்ட்டும் சீட்டும்

இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான இருக்கையோ இல்லாமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. அபராதம் கிடக்கட்டும். முன் சீட்டில் அம்மா மடியில் கைக்குழந்தை என்பதுதான் நம் ஊரில் சகஜமாகப் பார்க்கும் காட்சி, காரில் அதைவிட ஆபத்தான இடம் வேறு இல்லை. திடீரென்று பிரேக் பிடித்தால் எந்தக் கைப்பிடிக்கும் குழந்தை நிற்காது, எதிரே ஏர்பேக் வேறு வெடித்து விரியும்.

வாடகை வண்டியில் குழந்தை இருக்கை தருவது இங்கே அரிது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் தங்களுடையதையே கொண்டுவாருங்கள். பல விமான நிறுவனங்கள் ஸ்ட்ரோலரையோ குழந்தை இருக்கையையோ தனிக் கட்டணம் இல்லாமல் ஏற்கின்றன, ஆனால் விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். 2 வயது வரையாவது பின்பக்கம் பார்த்த மாதிரி மாட்டுவதுதான் பாதுகாப்பு. குழந்தை இருக்கையைக் காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி எல்லா டாக்ஸியிலும் இருக்காது, சீட் பெல்ட்டிலேயே மாட்டக்கூடிய இருக்கையாகப் பாருங்கள்.

பெல்ட்டிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம்மூர் டாக்ஸிகளில் பின் சீட்டுக்குப் புதுக் கவர் போடும்போது, பெல்ட் சொருகும் பக்கிளைக் கவருக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். மேலே பெல்ட் தொங்கும், சொருக இடம் இருக்காது. போனில் பேசும்போதே கேளுங்கள்: "அண்ணா, பின் சீட்டு பெல்ட்டு வேலை செய்யுங்களா?" "இருக்குதுங்க மேடம், கவருக்கு அடியில கெடக்கும்" என்று பதில் வரும். "குழந்தை சீட்டு மாட்டணுங்கண்ணா, வர்றப்பவே வெளிய எடுத்து வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் வெயிலில் நின்று, அழும் பிள்ளையை ஒருவர் வைத்திருக்க, இன்னொருவர் சீட் இடுக்கில் கையை விட்டுத் துழாவ வேண்டியிருக்கும்.

படி 4: கைப்பை

பெட்டியில் என்ன இருக்கிறது என்பது முக்கியமில்லை, வீடு சேரும் வரை அதைத் திறக்கப் போவதில்லை. கையோடு வரும் ஒரு பையில் இவை இருக்க வேண்டும்: ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு செட் மாற்றுத் துணி, பெரியவர்களுக்கு ஆளுக்கொரு சட்டை (பிள்ளை வாந்தி எடுப்பது பெரும்பாலும் உங்கள் மேல்தான்), டயப்பர், ஈரத் துடைப்பான், ஒரு பழைய துண்டு, ஓட்டையில்லாத கவர்கள், வெந்நீர் பிளாஸ்க், பால்பவுடர். குழந்தைக்கான பால், உணவு, தண்ணீரைப் பாதுகாப்புச் சோதனையில் அனுமதிப்பார்கள், தனியாக எடுத்துக் காட்டினால் போதும். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கொஞ்சம் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காடு போகிறவர்கள் ஸ்வெட்டரையும் இந்தப் பையிலேயே வையுங்கள்.

படி 5: விமானத்திலிருந்து வாசல் வரை

சேலத்துக்கு வருவது பெரும்பாலும் ஏடிஆர் என்னும் சின்ன, காற்றாடி வைத்த விமானம். அதில் பயணிகள் ஏறி இறங்குவது பின்பக்கக் கதவு வழியாக. அதனால் பெரிய விமானப் பழக்கத்தில் முன் வரிசை கேட்டு வாங்காதீர்கள், கடைசி வரிசைகளைக் கேளுங்கள். இறங்கும்போது முதல் ஆளாக இறங்கலாம், காற்றாடிச் சத்தமும் அங்கே குறைவு. மேலே பை வைக்கும் இடம் சின்னது, அதனால் கைப்பை காலடியில் அடங்கும் அளவில் இருக்கட்டும்.

விமானம் கீழிறங்கத் தொடங்கும்போது காது அடைக்கும். அந்த நேரத்தில் தாய்ப்பாலோ பாட்டிலோ கொடுங்கள், பெரிய பிள்ளைக்குச் சப்புகிற மிட்டாய் போதும். விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும். வெளியே ஏரோபிரிட்ஜ் கிடையாது, படிக்கட்டில் இறங்கித் தரையில் நடக்க வேண்டும். ஸ்ட்ரோலர் உடனே கைக்கு வராது. கைக்குழந்தையைத் துணித் தொட்டில் போல மார்பில் கட்டிக்கொள்ளும் கேரியர் இருந்தால் இரண்டு கையும் காலியாக இருக்கும், ஒன்று நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு, ஒன்று படிக்கட்டின் கைப்பிடிக்கு. ஏப்ரல், மே மாதத்தில் அந்தத் தளத்தின் வெயில் முகத்தில் அறையும், தொப்பி கைப்பையில் மேலாக இருக்கட்டும்.

பெட்டி வருவதற்குள் ஒருவர் டயப்பர் மாற்றிவிடுங்கள், நடக்கிற பிள்ளையைக் கழிப்பறைக்கு அழைத்துப் போய்விடுங்கள். "வரலை" என்று சொன்னாலும் விடாதீர்கள், கருப்பூர் தாண்டுவதற்குள் வந்துவிடும்.

படி 6: ஊருக்குள்

கமலாபுரத்திலிருந்து சேலம் வரை நெடுஞ்சாலைதான். ஓமலூர், கருப்பூர், குரங்குச்சாவடி. சுங்கச்சாவடி ஒன்றும் வரும். நெரிசல் ஆரம்பிப்பது குரங்குச்சாவடிக்கு அப்புறம், ஐந்து ரோடு, புதிய பேருந்து நிலையம் பக்கம். பள்ளி விடும் நேரத்தில் அந்தப் பகுதியில் மாட்டிக்கொண்டால் கடைசி ஐந்து கிலோமீட்டருக்கு முதல் பதினைந்து கிலோமீட்டரை விட நேரமாகும். கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி பக்கம் வீடு என்றால் ஊருக்குள் நுழையாமல் பைபாஸிலேயே போகச் சொல்லுங்கள். வழியில் வண்டி பழுதானால் நெடுஞ்சாலை உதவிக்கு 1033, அவசரத்துக்கு 108.

படி 7: ஏற்காடு போகிறவர்களுக்கு

மதியத்துக்குப் பிறகு இறங்கினால் அன்றே மலை ஏறாதீர்கள். சேலத்தில் ஓர் இரவு தங்குங்கள். ஹோட்டலில் ஏற்காட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டோம், ஒரு நாள் வீணாகும் என்பார்கள். களைத்த பிள்ளையை இருட்டில், பனியில், வளைவு வளைவாகத் தூக்கிப்போனால் அடுத்த நாளும் சேர்ந்தே வீணாகும்.

காலையில் கிளம்பினால் அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம். சேலத்திலிருந்து ஏற்காடு மொத்தம் 30 கிலோமீட்டர்தான். ஆனால் அடிவாரத்திலிருந்து, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக்கு வண்டி ஏறுகிறது. ஏறும்போதும் காது அடைக்கும், விமானத்தில் செய்ததையே இங்கேயும் செய்யுங்கள்.

இனி வாந்தி. 2 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பயணக் குமட்டல் குறைவு, அதற்கு மேல் 12 வயது வரைதான் அதிகம். கண் ஒன்றைச் சொல்ல, உள்காது வேறொன்றைச் சொல்வதால் வருவது அது. போனில் கார்ட்டூன் பார்க்கும் பிள்ளையின் கண், நாம் அசையாமல் இருக்கிறோம் என்கிறது, காதோ ஆடுகிறோம் என்கிறது. அதனால் அடிவாரத்தில் போனை வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். வளைவுகளுக்கு எண் எழுதிய பலகைகள் இருக்கின்றன, 1 முதல் 20 வரை எண்ணச் சொல்லுங்கள், கண் தானாகச் சாலைக்குப் போய்விடும். வெறும் வயிறும் வேண்டாம், நெய்ப் பொங்கலும் வேண்டாம். கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன் இரண்டு இட்லி போதும், பால் வேண்டாம்.

டேஷ்போர்டில் இருக்கும் வாசனைப் புட்டியை எடுத்து டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள். சாமி படத்து மல்லிகைச் சரமும் அந்த மூடிய காருக்குள் மூக்கைத் துளைக்கும். பாதிப் பிள்ளைகளுக்கு வளைவைவிட இந்த வாசனைதான் குமட்டலைக் கிளப்புகிறது. ஏசியை அணைத்து ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

சின்னப் பிள்ளைகள் "வாந்தி வருது" என்று சொல்லாது. தொணதொணவென்று பேசிக்கொண்டிருந்தது திடீரென்று அமைதியாகும். கொட்டாவி விடும், உதடு வெளுக்கும், எச்சிலைக் கூட்டிக் கூட்டி விழுங்கும், நெற்றியில் சில்லென்று வியர்க்கும். அதுதான் நேரம். டிரைவரிடம் சொல்லி, வளைவில் அல்ல, அகலமான இடம் பார்த்து நிறுத்தி, இறக்கி நிற்க வையுங்கள். ஒரு வாய் தண்ணீர், முகம் துடைப்பு, ஐந்து நிமிடம். எலுமிச்சையை முகர வைப்பது, இஞ்சி மரப்பா கொடுப்பது எல்லாம் நம் வழக்கம், ஒத்துக்கொள்ளும் பிள்ளைக்குக் கொடுங்கள். மாத்திரை, சிரப் என்றால் மட்டும் ஊரிலேயே குழந்தை மருத்துவரிடம் கேட்டு அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ப்ரோமெதசின் உள்ள மருந்தை 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கவே கூடாது.

நிறுத்தும் இடத்தில் குரங்குகள் இருக்கும். கையில் பிஸ்கட் வைத்த பிள்ளையை ஜன்னலோரம் உட்கார வைத்தால் பிஸ்கட்டை மட்டும் பிடுங்கிக்கொண்டு போகும் என்று உறுதி சொல்ல முடியாது.

சொந்த வண்டி ஓட்டுபவர்கள் கவனிக்க: மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குபவர் ஒதுங்க வேண்டும். மே மாதக் கோடை விழா நாட்களில், மேலே போக அடிவாரம் சாலை, கீழே இறங்கக் குப்பனூர் சாலை என்று ஒருவழியாக்குவது உண்டு. கனமழை பெய்தால் மண் சரிந்து பாதை மூடப்படுவதும் உண்டு. கிளம்பும் காலையில் தங்கும் விடுதிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

படி 8: திரும்பும் நாள்

ஏற்காட்டிலிருந்து நேராகக் கமலாபுரம் போய் விமானம் பிடிப்பவர்கள் வெறும் கிலோமீட்டரைக் கூட்டிப் பார்த்து நேரம் வைக்கக் கூடாது. விமானம் புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே செக்-இன் கவுண்ட்டர் மூடிவிடலாம். இறக்கத்தில் இரண்டாவது கியரில் உருட்டி வர வேண்டும், பிள்ளைக்காக ஓரிரு இடத்தில் நிற்க வேண்டும், ஊருக்குள் நெரிசல் உண்டு. நான்கு மணி நேரத்துக்கு முன் மலையை விட்டுக் கிளம்புங்கள், ஞாயிறு மாலை என்றால் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைக்குச் சாப்பாடு மேலே வேண்டாம், அடிவாரத்துக்கு வந்து, கால் தரையில் பட்டு அரை மணி நேரம் ஆன பிறகு கொடுங்கள்.